கசிவுற்ற வண்டித்தளமும் அதனைச் செப்பனிடும் முறையும்

இவ்விதழின் தமிழ்ப்பகுதியிலே காப்பியச் சுவையும் புலவர் வரலாறும் யாத்திரைக் குறிப்பும் இடம்பெறுதலே நெடுநாள் வழக்கம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் அவ்வழக்கினின்று விலகி, வேன் எனப்படும் ஊர்தியின் உள்தளத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பினும் பொறுத்தருள்க. சென்ற கோடை விடுமுறையிற் பதினொரு நாள் ஒரு பட்டறையின் தரையில் முழந்தாளிட்டு யான் கற்றவை, வகுப்பில் அமர்ந்து கற்கக் கூடியன அல்ல. நாள்தோறும் வேனில் ஏறி இறங்கும் நம்மவருள் எத்துணைப் பேர் தம் காலின்கீழ் இருப்பது யாது என்று ஒருமுறையேனும் குனிந்து நோக்கியிருப்பர்?

என் சிற்றப்பா நங்கநல்லூரில் வாழ்பவர். முன்னர் ஆலந்தூர் நகராட்சியைச் சார்ந்திருந்து 2011-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அவ்வூரைக் கோயில்களுக்காகவும் சிற்றுண்டிச் சாலைகளுக்காகவும் அறிந்தோர் பலர். பெருமழை பெய்தால் தில்லை கங்கா நகர்ச் சுரங்கப்பாதையில் நீர் தேங்கி ஊர்திகள் வழி மாறி அலைவதை அறிந்தோரும் பலர். அங்குச் சிற்றப்பா சொந்தமாக ஒரு வேன் ஓட்டுகிறார். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லுதல், விடுமுறை நாள்களிற் குடும்பத்தினரை மலைநகரங்களுக்கு அழைத்துச் செல்லுதல், இவையே அவர்தம் தொழில். அவ்வண்டி உதகமண்டலத்தில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கப்பெற்றது. மலைநாட்டு வண்டியாதலின் அதில் ஹீட்டர் என்னும் வெப்பமூட்டும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. வெயிலில் வெந்துபோகும் சென்னைக்கு அஃது எற்றுக்கு என்று வினவுவீர். ஐந்தாண்டுக் காலம் ஒருவரும் தீண்டாத அக்கருவியே இக்கட்டுரைக்கு வித்து.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், இடப்புறம் முன்வரிசையில் அமரும் சிறுமி ஒருத்தி, “வேன் மாமா, என் சாக்ஸ் பிசுபிசுன்னு ஒட்டுது, பாயசம் மாதிரி வாசனை வருது” என்றாள். எவரோ பழச்சாறு சிந்திவிட்டனர் போலும் என்று கருதிச் சிற்றப்பா துணியால் துடைத்துவிட்டார். மறுநாளும் ஈரம். மூன்றாம் நாளும் ஈரம். கண்ணாடியின் உட்புறத்திலே எண்ணெய்ப் பூச்சுப் போன்ற மங்கலொன்று படிந்து, துடைக்குந்தோறும் பரவிற்று.

வண்டித்தளத்தில் ஈரங் கண்டவிடத்து அஃது எங்கிருந்து வந்தது என்று தெளிதல் வேண்டும். மழைநீராயின் கதவின் ரப்பர் வழியாகவோ முன்கண்ணாடியின் ஓரத்தினின்றோ இறங்கும்; மழை நின்றபின் தானும் நிற்கும். ஏசி இயந்திரத்தின் நீராயின், வெளிச்செல்லும் சிறு குழாய் தூசியால் அடைபட்டு உள்ளே வழிவது; அது நிறமும் மணமும் அற்றது. நம் நகரிற் பெரும்பாலும் காண்பது இதுவே. மூன்றாவது கூலண்ட். வெள்ளைத் தாளொன்றை ஈரத்தில் ஒற்றி எடுத்தால் பச்சையோ இளஞ்சிவப்போ வேறு சாயமோ ஏறும், விரலிடைத் தேய்த்தால் வழுக்கும், முகர்ந்தால் இனிக்கும். அதனோடு எஞ்சின் பக்கத்துக் கூலண்ட் தொட்டியில் அளவு குறைந்துகொண்டே வந்து, வண்டியின் கீழ்த் தரையில் ஒரு சொட்டும் காணப்படாதாயின் ஐயத்திற்கு இடமே இல்லை. சிலர் நாவில் வைத்துப் பார்ப்பதுண்டு. அது தகாது, காரணம் பின்னர்க் கூறுவேன்.

எஞ்சினுள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகும், ஒரு பகுதி இரும்பையும் அலுமினியத்தையும் சுடும். அச்சூட்டை ஏந்திச் சென்று ரேடியேட்டரிற் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீளும் நீர்மமே கூலண்ட். ஹீட்டர் என்பது வேறொன்றன்று. முன்பலகைக்குப் பின்னே வண்டியினுள் மறைத்து வைத்த சிறியதொரு ரேடியேட்டரே அது. இரண்டு ரப்பர்க் குழாய்கள் எஞ்சினிலிருந்து அதற்குச் செல்லும். பல வண்டிகளில் ஹீட்டரை நிறுத்துவதென்பது காற்று வரும் கதவை மூடுதல் மட்டுமே. சூடான கூலண்ட் ஓட்டம் நிற்பதில்லை. ஆகவே, ஐந்தாண்டு பயன்படுத்தாவிடினும் அக்கருவி ஐந்தாண்டும் உழைத்துக்கொண்டே இருந்தது. அது துளைபட்டால் நீர்மம் சாலையிற் சிந்தாது. நம் காலடியிலேயே சிந்தும்.

அது துளைபட்டது ஏன்? இங்கே நம் ஊர்த் தண்ணீரையும் குற்றங் கூறல் வேண்டும். கூலண்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளும், துருத் தடுக்கும் மருந்துகள் சிலவும், சாயமும் கலந்தது. எத்திலீன் கிளைக்காலை 1850-களில் முதன்முதல் ஆக்கியவர் வூர்ட்ஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலார். தண்ணீருடன் சரிபாதி கலப்பின் அக்கலவை சுழியத்திற்குக் கீழ் 37 பாகை வரை உறையாது என்பர். சென்னையில் ஏது உறைபனி? எனினும் அக்கலவையின் கொதிநிலை தண்ணீரினுடையதை விட உயர்ந்தது; துருத் தடுக்கும் மருந்தும் அதனுடனேயே வருகிறது. இவ்விரண்டுமே நமக்கு வேண்டுவன. ஆனால், அளவு குறையுந்தோறும் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை ஊற்றி நிரப்புதல் நம்மிடையே பெருவழக்கு. மருந்து நீர்த்துப் போகிறது, சுண்ணம் படிகிறது, அலுமினியக் குழலை உப்பு அரிக்கிறது. சிற்றப்பாவும் அங்ஙனமே செய்துவந்தவர். “தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சேன்” என்று பின்னர் வருந்தினார்.

இனிமையின் காரணங் கூறுவேன் என்றேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆயினும் நஞ்சு. உடலுள் அது கிளைக்காலிக் அமிலமாகவும் ஆக்சாலிக் அமிலமாகவும் மாறிக் குருதியைப் புளிக்கச் செய்து, சிறுநீரகத்திற் படிகங்களாய்த் தங்கிவிடும். 2022-ஆம் ஆண்டு காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் அருந்திய இருமல் மருந்துகளிற் கண்டறியப்பட்ட நஞ்சுகளுள் இதுவும் ஒன்று, இதன் இனத்ததாகிய டையெத்திலீன் கிளைக்கால் மற்றொன்று. வண்டித்தளத்தில் ஊறிய சிறிதளவால் காலுறை நனைந்த குழந்தைக்கு அத்தகைய தீங்கு நேர்ந்துவிடாது. தோலின் வழியே அது மிகுதியாகப் புகுவதில்லை. ஆனால் அக்குழந்தை அதே விரலால் பிஸ்கட்டை எடுத்து உண்ணும் என்பதை மறத்தலாகாது. பட்டறைகளின் ஓரத்திலே தேங்கிய கூலண்டைத் தெருநாய்களும் பூனைகளும் இனிப்பென்று நக்கி மடிவதுமுண்டு.

சிற்றப்பா முதலிற் சென்ற பட்டறையிற் செய்த வைத்தியம் இது: ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூள், தளத்தின்மேற் புதிய வினைல் விரிப்பு. மஞ்சள்தூள் இடுதல் நம் நாட்டு ஓட்டுநரிடையே நெடுங்காலமாக உள்ள கைமுறை. தூள் கசியும் இடத்திற் சென்று அடைத்துக்கொள்ளும். நடுவழியில் நின்ற வண்டி வீடு வந்து சேரும். அவ்வளவே அதன் பயன். துளையை அடைக்கும் தூள் நல்ல குழல்களையும் சிறுகச் சிறுக அடைக்கும். புது விரிப்போ அதனினும் கொடியது. ஈரத்தை மறைத்து, வெளியேறாதபடி மூடிவிட்டது. இருபது நாள் சென்றபின் அச்சிறுமி மறுபடியும் “பாயசம்” என்றாள்.

இந்நிலையிலேதான் யான் விடுமுறைக்கு அங்குச் சென்றேன். பழவந்தாங்கல் பக்கத்தில் டிங்கர் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் பேசியது குறைவு. விரிப்பின் மூலையை உயர்த்தி, ஸ்குரூ டிரைவரின் காம்பினால் தளத்தைத் தட்டிக்கொண்டே சென்றார். ‘டங், டங்’ என்று ஒலித்த தகடு ஓரிடத்தில் ‘தொப்’பென்றது. அவ்விடத்தைக் கூர்முனையாற் குத்தினார். முனை உள்ளே சென்றது. கையை எடுத்து, அத்துளை வழியே தெரிந்த பட்டறைத் தரையை எங்களுக்குக் காட்டினார்.

இருக்கையின் கால் தளத்தோடு முடுக்கப்பட்டிருந்த போல்ட்டிலிருந்து நான்கு விரற்கடைத் தொலைவில் இருந்தது அவ்வோட்டை.

திங்கட்கிழமை வண்டி ஓட வேண்டும், மே மாதத்துச் சுற்றுலாச் சவாரிகள் ஒப்புக்கொண்டாயிற்று, இப்போதைக்கு ஒரு பலகை இட்டு மூடித் தருக என்று சிற்றப்பா வேண்டினார். அதற்கு அம்முதியவர், “முடிச்சூர் பஸ்ஸ மறந்துட்டியா தம்பி?” என்றார். அதன்பின் சிற்றப்பா ஒன்றும் பேசவில்லை.

இளையோர் சிலர் அதனை அறியாதிருக்கலாம். 2012-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், இரண்டாம் வகுப்புப் பயின்ற சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தில் வீடு திரும்புகையில், இருக்கையருகே தளத்திலிருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அப்பேருந்தின் சக்கரத்திலேயே அகப்பட்டு உயிர் நீத்தாள். சென்னை உயர் நீதிமன்றம் எவரும் முறையிடாமல் தானே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்தும் சிறப்பு விதிகளைத் தமிழ்நாட்டரசு வகுத்தது. இன்று ஆண்டுதோறும் பள்ளிகள் திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் வண்டிகளை வரிசையாய் நிறுத்திப் பார்வையிடுங்கால் தளத்தையும் நோக்குவது அக்குழந்தையின் மரணத்தினால் வந்தது. ஆயினும் விரிப்பின் மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு விரிப்பே தெரியும். ஓட்டை ஒருநாளில் உண்டாவதன்று. ஈரம் பல திங்கள் கிடந்து அரித்த இடத்திலே உண்டாவது. ஆதலின் கூலண்ட் கசிவைச் சிறு தொல்லையாகக் கருதுதல் பிழை.

இனி வேலை முறைக்கு வருவோம்.

கசிவை நிறுத்தாமல் தளத்திற் கைவைத்தல் வீண். ஹீட்டரின் உட்குழலை மாற்றுவதாயின் முன்பலகை முழுவதையும் கழற்றல் வேண்டும், செலவும் மிகும். அல்லது இரு ரப்பர்க் குழாய்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்து, ஹீட்டரை ஓட்டத்தினின்றே விலக்கிவிடலாம். சென்னையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இஃது இழுக்கன்று என்பதே என் துணிபு; சூடு தாங்கும் தரமான குழாயும் இறுக்கமான கிளிப்பும் இருத்தல் வேண்டும் என்பதே கட்டளை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போய்வரும் வண்டியாதலின் சிற்றப்பா புதிய குழலே இடுவித்தார். பழைய குழலைக் கழற்றியபோது அதன் வாயில் மஞ்சளும் சுண்ணமும் சேறுபோல் அடைந்து கிடந்தன. எஞ்சின் முழுதும் ஆறிய பின்னரே இவ்வேலைகளைத் தொடங்குதல் வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்திற் பாயும்.

பின்னர் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். விரிப்பின்கீழ் மின்கம்பிகள் ஓடுகின்றன. ஈரம் பட்ட இணைப்புகளிற் பாசி நிறத்துப் பூஞ்சு பிடித்திருக்கும். அவற்றையும் துடைத்து உலர்த்தல் வேண்டும். இருக்கைகளைக் கழற்றுங்கால் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் துளையின் பெயர் எழுதிய தாளில் மடித்து வைத்தது என் பணி. இதற்கு மட்டும் என் கல்விப் பழக்கம் உதவிற்று. விரிப்பை உரித்ததும் அடியிற் கிடந்த மெத்தைத்துணி தென்பட்டது. சணலும் பஞ்சும் அழுத்திச் செய்த அது, பிழிந்தாற் பச்சைநீர் வடியுமளவு கனத்திருந்தது. அதன்கீழ் இருந்த பிளைவுட் பலகை உப்பி ஏடேடாய்ப் பிரிந்திருந்தது.

இவ்விடத்தே அறியத்தக்க நுட்பம் ஒன்றுளது. தண்ணீர் சிந்திய துணி வெயிலிற் காய்ந்துவிடும். கூலண்ட் சிந்திய துணி காயாது. எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை 197 பாகை. நம் சித்திரை வெயிலுக்கு அஃது அசைவதில்லை. அன்றியும் காற்றிலுள்ள ஈரத்தை அது தன்பால் ஈர்த்துக்கொள்ளும். கடற்காற்று வீசும் நம் நகரிலோ அவ்வீரத்திற்குப் பஞ்சமில்லை. விசிறி வைத்து உலர்த்தினேன், நான்கு நாளாயும் ஈரம் போகவில்லை என்று நொந்துகொள்வோர் இதனை அறியாதவரே. நாள் செல்லச் செல்ல அது புளித்து அமிலத் தன்மையும் அடையும். பெயின்ட் உரிந்த இடத்திலும் தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் பொருத்துவாயிலும் தங்கித் துருவை வளர்க்கும். எனவே கிளைக்காலை உலர்த்தக் கூடாது, கழுவல் வேண்டும். தண்ணீரில் எவ்வளவாயினும் கரைவது அதன் நற்குணம். வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும் கொண்டு ஆறு முறை கழுவி, ஒவ்வொரு முறையும் துணியால் ஒற்றி எடுத்தோம். வெள்ளைத் துணியிற் சாயம் ஏறாமலும் விரலில் வழுக்காமலும் ஆன பின்னரே விசிறியும் வெயிலும். மெத்தைத்துணியைக் கழுவிப் பயன்படுத்த முயல்வோர் உளர். சிறிதளவு நனைந்ததாயின் முயலலாம். எங்களுடையது எறியப்பட்டது. தெளிவாகக் கூலண்டாகவே இருந்ததை ஒரு கேனில் ஏந்தி, மூடி, பட்டறையிற் பழைய எண்ணெய் வாங்கிச் செல்வாரிடம் கேட்டு ஒப்படைத்தோம். தெருவோர மழைநீர்க் கால்வாயில் ஊற்றச் சென்ற சிறுவனை அம்முதியவர் அதட்டித் தடுத்தார்; நாய்களின் பொருட்டு.

தகடு வெளிப்பட்டபின் துருவை அளந்தறிதல். மேலே செந்தூள் படிந்த அளவாயின் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் போதும். பளபளக்கும் வரை தேய்த்து, குழிகளிலே பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றியைப் பூசி, அதன்மேற் பிரைமர், பெயின்ட். பெரும்பகுதிக்கு இதுவே செய்தோம். ஓட்டையான இடத்திற்கு இது பற்றாது. அங்கே பட்டி தடவி மூடுதலும், எம்சீல் உருட்டி அடைத்தலும், பைபர் ஒட்டுதலும் பார்வைக்குச் சரியாக இருக்கும். மேலே காலை வைத்தால் ஏமாற்றும். இருக்கையும் இருக்கைப் பட்டையும் பிடித்து நிற்கும் தகடு அது. திடீரெனப் பிரேக் இடும்போது அமர்ந்திருப்பார் உடற்பாரம் முழுவதும் அந்த போல்ட்டுகளின் வழியாகவே தளத்தில் இறங்குகிறது.

ஆதலின் கெட்ட தகட்டை நல்ல தகடு தென்படும் வரை அறுத்தெடுத்தார். ஓட்டை ஐந்து ரூபாய் நாணயம் அளவினது. அறுத்தபின் வாயில் ஓர் உண்ணும் தட்டின் அளவினதாயிற்று. அதே கனமுள்ள புதுத் தகட்டை வெட்டி வளைத்துப் பொருத்தி வெல்டிங் செய்தார். ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்யின் மெல்லிய தகடு வெப்பத்தால் நெளிந்துவிடும். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களிற் சிறு புள்ளிகளாக மாறி மாறி இட்டு, இடையிடையே ஆறவிட்டார். இதற்குமுன் வண்டியின் அடியிற் படுத்து, எரிபொருட் குழாய் எவ்வழிச் செல்கின்றது என்று பார்த்து, அதனை விலக்கிக் கட்டினார். தீயணைப்புக் கருவி ஒன்று என் கையில் இருந்தது. வெல்டிங் சூடு தகட்டின் இரு பக்கத்துப் பூச்சையும் எரித்துவிடும் என்பதை மறந்து மேற்புறம் மட்டும் பெயின்ட் அடித்துவிடுவோர் மிகப் பலர். அத்தகைய ஒட்டு அடுத்த மழைக்காலத்தில் அடியிலிருந்தே அரிபடத் தொடங்கும். நாங்கள் மேலும் கீழும் பிரைமர் இட்டு, பொருத்துவாய்களில் சீலன்ட் நிரப்பி, அடிப்புறத்தில் தாரை ஒத்த காப்புப் பூச்சும் இட்டோம். நங்கநல்லூர்ச் சுரங்கப்பாதை நீரில் முழங்காலளவு இறங்கி ஏறும் வண்டிக்கு அடிப்புறமே முதல் எல்லை.

பலகையைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். சாதாரண பிளைவுட் வாங்காமல், கொதிநீரிலும் பசை விடாத ‘மெரைன்’ வகையை, ஐ.எஸ். 710 என்னும் முத்திரை நோக்கி வாங்குதல் நன்று. அதனையும் வெட்டிய விளிம்புகளிற் பெயின்ட் பூசாமல் இடின் பயனில்லை. பலகை நீர் குடிப்பது முகத்தால் அன்று, விளிம்பால்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் விரிப்பைத் தூக்கினோம். முதியவர் தடுத்து, தளத்தைத் திறந்தபடியே இரண்டு நாள் வண்டியை ஓட்டி வருமாறு பணித்தார். கசிவு எஞ்சின் சூடேறிக் குழாய்களில் அழுத்தம் மிகும்போதே வெளிப்படும். பட்டறையில் நின்ற வண்டி பொய் சொல்லும் என்றார். இருக்கையில்லாத அவ்வண்டியிற் சிற்றப்பா தனியே மேடவாக்கம் வரையிலும் போய்வந்தார். ஹீட்டரின் அடியில் விரித்த வெள்ளைத்தாள் வெள்ளையாகவே இருந்தது. அதன்பின் புது மெத்தைத்துணி, விரிப்பு, இருக்கைகள். நான் தாளில் மடித்து வைத்த போல்ட்டுகள் தத்தம் துளைகளிற் சென்றன. இரண்டு மட்டும் துருவேறியிருந்தமையால் புதியன இடப்பட்டன. விரிப்பை முழுதும் பசையிட்டு ஒட்டவேண்டா, முன்மூலைகள் இரண்டையும் தூக்கிப் பார்க்கக் கூடியவாறு விடுக என்று கேட்டு அங்ஙனமே செய்வித்தவர் சிற்றப்பா.

பதினொரு நாள் வருவாய் போயிற்று. ஒப்புக்கொண்ட சவாரிகள் மூன்று பிறர் வண்டிக்குச் சென்றன. ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல்நாள் காலை அச்சிறுமி ஏறி அமர்ந்து, குனிந்து மோந்து பார்த்து, “பெயின்ட் வாசனை” என்றாளாம். இப்போது சனிக்கிழமைதோறும் சிற்றப்பா கூலண்ட் தொட்டியின் அளவை ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறார். குறைந்தால் ஊற்றுவதற்கென வடிநீர் கலந்து ஆக்கிய கூலண்ட் ஒரு கேன் வண்டியின் பின்புறத்தில் இருக்கிறது. எழுதி முடித்தபின் இடப்பக்க மூலையில் விரிப்பைத் தூக்கி, உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்துப் பார்க்கிறார்.